நாப்பது தாண்டி புது வேலையா? பிரெண்ட்ஸ்கிட்ட முதல்ல இதைக் கேளுங்க

நாப்பது தாண்டி வேலை போச்சுன்னா, இல்ல பாக்குற வேலை சலிச்சுப் போச்சுன்னா எல்லாரும் பழைய ரெஸ்யூமைத்தான் தூசி தட்டுவாங்க. நானும் அதைத்தான் பண்ணேன், 19 வருஷம் அக்கவுண்ட்ஸ்ல குப்பை கொட்டிட்டு 46 வயசுல கம்பெனியை மூடிட்டாங்க, அஞ்சு மாசம் அதே அக்கவுண்ட்ஸ் வேலைக்கே அப்ளை பண்ணி பண்ணி விரல் தேஞ்சதுதான் மிச்சம். இப்ப பாக்குற வேலை சுத்தமா வேற, அப்படி ஒரு வேலை இருக்குன்னே பிரெண்ட்ஸ் சொல்லித்தான் தெரியும்.

"எங்கயாச்சும் வேலை இருந்தா சொல்லுடா"ன்னு மட்டும் கேக்காதீங்க. பாவம், அவங்களுக்கு தர்மசங்கடம், "பாக்குறேன்"னு சொல்லி வச்சிடுவாங்க, அடுத்த தடவ உங்க நம்பரைப் பாத்தாலே எடுக்க யோசிப்பாங்க. அதுக்குப் பதிலா ஒரு பத்துப் பேருக்கு இப்படி மெசேஜ் போடுங்க: "நீ எந்த விஷயத்துக்கு எனக்கு போன் பண்ணுவ? கடைசியா எப்ப பண்ண, என்ன நடந்துச்சு?" அந்த ரெண்டாவது கேள்வி முக்கியம், அது இல்லன்னா "நீ ரொம்ப நல்லவன் மச்சான்"னு வரும், அதை வச்சு என்ன பண்றது.

எனக்கு பத்துல ஏழு பேர் ஒரே பதில். வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம ஆஸ்பத்திரின்னு ஆனா பில்லு, ரிப்போர்ட், இன்சூரன்ஸ் கிளெய்ம் பேப்பர் எல்லாம் ஒழுங்கு பண்ண உன்னைத்தான் கூப்பிடுவோம்னு. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, பேப்பரை தேதிவாரியா அடுக்குறதெல்லாம் ஒரு திறமையா? ஆனா கையில தானா வர்றதை நாம வேலை கணக்குலயே சேக்க மாட்டோம், அதுக்குத்தான் அடுத்தவங்க கண்ணு.

அடுத்து, இப்படி பதில்ல கிடைச்ச திறமையை தூரத்துப் பழக்கங்ககிட்ட சொல்லுங்க, பழைய ஆபீஸ்ல கூட இருந்தவங்க, காலேஜோட விட்டுப் போனவங்க இப்படி. நெருங்கின பிரெண்டுக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சிருக்கும், புது தகவல் வெளிவட்டத்துல இருந்துதான் வரும். மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆராய்ச்சியாளர் 1973-லயே இதை எழுதிட்டார், தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்கள்ல அந்த ஆளை அடிக்கடி பாத்தவங்க 17 சதவீதம் கூட இல்ல, எப்பவாவது பாக்குறவங்க 55-க்கு மேல, வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தாலே அதிகம்ங்கிறவங்க கிட்டத்தட்ட 28. எனக்கும் இந்த கிளெய்ம் பேப்பர் வேலைக்கு வந்த முதல் ஆள், எட்டு வருஷமா பேசாத ஒருத்தர் அனுப்பினதுதான்.

உடனே கடன் வாங்கி கோர்ஸ் சேராதீங்க, விசிட்டிங் கார்டும் அடிக்காதீங்க. மூணு பேருக்கு அந்த வேலையை செஞ்சு பாருங்க, காசு வாங்கிட்டு. பிரெண்டுக்கு செஞ்சா ஓசியாப் போயிடும், பிரெண்டோட பிரெண்டுன்னா வாய் விட்டுக் கேக்கலாம் (முதல் தடவ தொகையைச் சொல்லும்போது எனக்கு குரலே வரல, அது வேற கதை). மூணுமே எரிச்சலா இருந்துச்சா, விட்டுடுங்க, நஷ்டம் மூணு வாரம்தான். பாக்குற வேலை இருந்தா சாயங்காலம், லீவு நாள்ல பண்ணுங்க. இல்லாதவங்க கையிருப்பு எத்தனை மாசம் வரும்னு வீட்ல உக்காந்து கணக்குப் போட்டுட்டு ஆரம்பிங்க. லைசென்ஸ் ஏதாச்சும் வேணுமான்னும் விசாரிச்சுடுங்க, நான் பேப்பர் அடுக்கி பாரம் நிரப்ப உதவுறதோட சரி, பாலிசி விக்கிற பக்கமே போறதில்ல.

பிரெண்ட்ஸ்கிட்ட பேர் கேளுங்க, அறிமுகம் கேளுங்க, முதலீடு மட்டும் கேக்காதீங்க. அப்புறம் பதில் போட்ட பத்துப் பேருக்கும் கடைசியா என்ன ஆச்சுன்னு ஒரு வரி போட்டுடுங்க. நான் போடல, ஆறு மாசம் கழிச்சு ஒருத்தன் எனக்காக யார் யார்கிட்டயோ பேசி ஒரு அக்கவுண்ட்ஸ் வேலையை முடிச்சுட்டு வந்து நின்னான், அவனை சமாதானப்படுத்த ரெண்டு வாரம் ஆச்சு.