பீடத்துக்குப் பூ வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பெங்களூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் சனிக்கிழமை சாயங்காலம் பூ வைக்கும் குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் என்ன பூ வாங்கலாம், எத்தனை கட்டு வாங்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, நாளைக்கு வருவது எந்தக் காலத்து ஞாயிறு?

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பீடத்தைப் பூக்களால் அலங்கரிக்கக் கூடாது. திருப்பலி (பூசை) நூலின் பொது விதிமுறைகளில் 305ஆம் எண் இதைச் சொல்கிறது. நான்காம் ஞாயிறும் இடையில் வரும் பெருவிழா, விழாக்களும் மட்டும்தான் விதிவிலக்கு, அதாவது மார்ச் 19 சூசையப்பர் பெருவிழாவுக்கு வைக்கலாம், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்தில் வைக்கலாம், ஆனால் கிறிஸ்துமஸே வந்துவிட்டது போல அள்ளிக் குவிக்க வேண்டாம். பீடம் மொட்டையாக இருக்கிறதே என்று நல்ல மனசோடு யாராவது ரோஜாக் கட்டு கொண்டுவரத்தான் செய்வார்கள். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். இத்தனை வாரம் வெறும் பீடத்தைப் பார்த்திருந்தால்தான் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் அந்த வெள்ளைப் பூக்களைப் பார்க்கும்போது மனசு நிறையும்.

அடுத்தது, பூவைப் பீடத்தின் மேலேயே வைப்பது. பீடத்தைச் சுற்றி வைப்பதே முறை, அதுவும் அளவாக. வைத்து முடித்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் முழங்காலிட்டும் பாருங்கள். கிண்ணமோ ஃபாதரின் கையோ மறைந்தால் உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டும், எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் சரி.

சிட்டி மார்க்கெட்டில் நன்றாக விரிந்த ரோஜாதான் கண்ணை இழுக்கும், ஆனால் ஞாயிறு மாலைப் பூசைக்குள் அது உதிர்ந்துவிடும், பாதி விரிந்ததை வாங்குங்கள். வரமகாலட்சுமி, ஆயுத பூஜை சமயத்தில் விலை எகிறிவிடும் என்பதால் பட்ஜெட்டை முன்னாலேயே பேசி வையுங்கள். வந்ததும் காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகிற இலைகளை எல்லாம் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை அழுகித் தண்ணீர் நாறும்.

லில்லி வைத்தால் மகரந்தத்தை மறக்காதீர்கள். ஒரு திருவிழாவுக்கு முந்தின இரவு, புதிதாகத் தைத்த வெள்ளைப் பீடத்துணி மேல் ஆரஞ்சுத் தூள் கொட்டிவிட்டது. பதற்றத்தில் ஈரத்துணியால் துடைத்தேன், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாகப் பரவிவிட்டது, எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. மொட்டு விரியும்போதே உள்ளே இருக்கும் அந்தப் பழுப்புத் தலைகளை டிஷ்யூவால் பிடித்துக் கிள்ளிவிடுங்கள். கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது, செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள்.

பூக் குத்தி நிறுத்தும் பச்சை ஃபோமைத் தண்ணீருக்குள் கையால் அமுக்குவதும் நிறையப் பேர் செய்வது. அமுக்கினால் மேலே நனையும், நடுவே காற்று நின்று காய்ந்தே இருக்கும், அங்கே குத்திய பூ பூசைக்கு முன்பே தலை தொங்கும். மிதக்க விடுங்கள், தானாக முழுகும். அது மக்காத பிளாஸ்டிக் என்பதால் நாங்கள் இப்போது பெரும்பாலும் வாயகன்ற சொம்புக்குள் கம்பி வலையைச் சுருட்டி வைத்துப் பூக் குத்துகிறோம், நன்றாகவே நிற்கிறது.

காணிக்கைப் பழக்கூடையைக் கார்னேஷன் பூ பக்கத்தில் வைக்காதீர்கள், பழுத்த வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு அதைச் சீக்கிரம் வாட்டிவிடும்.

ஞாயிறோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடவும் வேண்டாம். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பதும் அதே பூக்களைத்தான், அதனால் ஒன்று விட்டு ஒரு நாள் போய்த் தண்ணீர் மாற்றி வாடியதை எடுக்க யார் பொறுப்பு என்பதைச் சனிக்கிழமையே பேசி முடித்துவிடுங்கள்.