விளையாட்டு சேனல் பேக் விலை: சிசிஐக்கு மனு போடுவது எப்படி

ஐபிஎல் சீசனில் கேபிள் பில் ஏறினால் கோபம் வருவது நியாயம். ஆனால் விலை அதிகம் என்பதை மட்டும் சொன்னால் இந்தியப் போட்டி ஆணையத்தில் (சிசிஐ) மனு நிற்காது. நிறுவனத்துக்குச் சந்தையில் ஆதிக்கம் இருக்கிறது, அதை வைத்து வேண்டாத சேனலைத் தலையில் கட்டுகிறது அல்லது ஆளுக்கொரு விலை போடுகிறது என்று காட்ட வேண்டும்.

முதலில் புகாரைப் பிரியுங்கள். கேட்ட சேனலைத் தனியாகத் தர மறுக்கிறார்கள், பில்லில் தப்பு என்றால் ஆபரேட்டரின் நோடல் அதிகாரி (புகாரைக் கவனிப்பவர்), பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே போடலாம். தொலைத்தொடர்பு, ஒளிபரப்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயமான டிடிசாட் தனி நுகர்வோர் புகாரை எடுக்காது. நுகர்வோர் குழுவாகப் போனால் எடுக்கும்.

அடுத்தது கணக்கு. தொலைத்தொடர்பு, ஒளிபரப்புத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வகுத்த விதிப்படி எம்.ஆர்.பி. 19 ரூபாயைத் தாண்டிய சேனலை பேக்கில் சேர்க்கக் கூடாது; ஒளிபரப்பாளர் தன் பேக்குக்கு 45 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது. ஓர் உதாரணம்: விளையாட்டு சேனல் இரண்டு, 19 ரூபாயும் 10 ரூபாயும். மற்ற மூன்று சேனல்கள் 6, 4, 1. கூட்டினால் 40. முழுத் தள்ளுபடி போக பேக் 22 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 25.96. விளையாட்டு இரண்டை மட்டும் தனியாக எடுத்தால் வரிக்கு முன்பே 29! தனியாக வாங்கும் உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது என்ற வாதம் இங்கேதான் பிறக்கிறது. ‘மலிவாக இருந்ததால் அவரே விரும்பி எடுத்தார்’ என்ற நிறுவனத்தின் பதிலும் இங்கிருந்துதான் வரும். ஆகவே தனிச் சேனல் கேட்டு எழுதிய கடிதம், அதற்கு வந்த பதில், தேதியுடன் விலைப்பட்டியல் ஸ்கிரீன்ஷாட், செட்டாப் பாக்ஸ் எண் போட்ட ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். நம் ஊரில் மாதாமாதம் கேபிள்காரரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீதை விட்டுவிடுகிறோம், கேட்டு வாங்குங்கள்.

மனுக்கள் அதிகம் சிக்குவது ‘ட்ராய் இருக்கும்போது சிசிஐ எதற்கு’ என்ற கேள்வியில். பார்தி ஏர்டெல் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், துறை சார்ந்த விஷயத்தை ட்ராய் முதலில் தீர்மானிக்கட்டும், பிறகு சிசிஐ வரலாம் என்றது. 2022ல் ஏசியாநெட் டிஜிட்டல் என்ற கேரள கேபிள் நிறுவனம், போட்டி நிறுவனத்துக்கு மறைமுகமாகக் கூடுதல் தள்ளுபடி போகிறது என்று குற்றம்சாட்டியபோது சிசிஐ ஸ்டார் இந்தியா மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. ஸ்டார் பாம்பே உயர் நீதிமன்றம் போனபோது இதே அதிகார எல்லைக் கேள்வி எழுந்தது. அதனால் கட்டண விதிமீறலை ட்ராய்க்கு எழுதுங்கள். சிசிஐ மனுவில் ஆதிக்கம், பாகுபாடு, வேண்டாத சேனலைச் சேர்த்துக் கட்டுவது மூன்றை மட்டும் வையுங்கள். ஸ்ட்ரீமிங் சந்தா ட்ராய் கட்டண உத்தரவுக்குள் வராது. அதில் இந்தச் சிக்கல் குறைவு.

சந்தை எது என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். ‘டிவி சேனல்கள்’ என்று விரித்தால் ஆதிக்கம் கரைந்துவிடும். பிசிசிஐ மீதான வழக்கில் சிசிஐ, இந்தியாவில் தனியார் தொழில்முறை கிரிக்கெட் லீக் நடத்துவதையே சந்தையாக எடுத்தது; 2013ல் 52.24 கோடி அபராதம், மேல்முறையீட்டில் ரத்தாகி 2017ல் மறுபடி அதே தொகை. 2024 ஆகஸ்டில் ரிலையன்ஸ்–டிஸ்னி இணைப்பை நிபந்தனைகளோடு அனுமதித்த உத்தரவையும் படியுங்கள், கிரிக்கெட் உரிமைகள் ஒரே இடத்தில் குவிவது பற்றி அதில் பேச்சு உண்டு.

சேதத்தைக் கணக்கிடுவதில் அமெரிக்காவின் சண்டே டிக்கெட் வழக்கு நல்ல எச்சரிக்கை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எப்எல் ஆட்டங்களை ஒரே விலையுயர்ந்த பேக்காக விற்றதற்கு 2024 ஜூனில் ஜூரி சுமார் 470 கோடி டாலர் நஷ்டஈடு போட்டது. ஆகஸ்டிலேயே நீதிபதி அதைத் தள்ளினார். பட்டியல் விலைக்கும் சந்தாதாரர் சராசரியாகக் கட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை ஜூரி நஷ்டமாக எடுத்திருந்தது. அது வெறும் தள்ளுபடித் தொகை, நஷ்டம் அல்ல. போட்டி இருந்திருந்தால் விலை என்னவாக இருந்திருக்கும் என்பதற்குத்தான் சான்று வேண்டும்.

தனிநபருக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் மனுக் கட்டணம் 5,000 ரூபாய். கட்டுமுன் சிசிஐ தளத்தில் சரிபாருங்கள். போட்டிச் சட்டத்தின் பிரிவு 19(1)(ஏ) என்று குறிப்பிட்டு, உண்மைகள், மீறிய பிரிவு, ஆவணப் பட்டியல், கையெழுத்திட்ட உறுதிமொழி சேருங்கள். சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். அடையாளத்தை ரகசியமாக வைக்கக் கேட்கலாம். தென்மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

மனுவில் நஷ்டஈடு கேட்காதீர்கள், சிசிஐக்கு அந்த அதிகாரம் இல்லை. மீறல் உறுதியான பிறகு அதே சட்டத்தின் பிரிவு 53என் படி தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் (என்சிஎல்ஏடி) தனி விண்ணப்பம் போட வேண்டும். அப்போது பழைய ரசீதுகள்தான் கணக்குக்கு வரும்.