மேலே எறிந்த ஒரு பந்து: இயக்கம், விசை, ஆற்றல் பாடங்களை மீள்பார்வை செய்யும் முறை

இயக்கம், விசை, ஆற்றல் ஆகிய பாடங்களை ஒருமுறை படித்து முடித்தவர்கள் மீண்டும் படிக்க அமரும்போது, பெரும்பாலும் சூத்திரங்களை ஒரு தாளில் தொகுத்து எழுதி மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். இதனால் நினைவு வலுப்படுமே தவிர, புரிதல் எங்கே பிசகியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதைவிடப் பயனுள்ள வழி, எளிய நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதையே மூன்று பாடங்களின் வழியாகவும் கணக்கிட்டு, விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதாகும். பொருந்தாத இடம்தான் திரும்பப் படிக்க வேண்டிய இடம்.

நாம் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு இது: 0.5 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பந்து, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேல்நோக்கி எறியப்பட்டு, எறிந்த உயரத்துக்கே திரும்பி வருகிறது. புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.8 மீ/வி², கணக்கு மனத்திலேயே ஓடுவதற்காக அதை 10 என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை இறுதியில் பார்க்கலாம்.

முதலில் சூத்திரம் எதையும் தொடாமல், எந்தத் திசை நேர்க்குறி என்பதை எழுதிவிடுங்கள். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், ஒவ்வொரு நொடி முடிவிலும் திசைவேகம் 10 குறைந்துகொண்டே வருகிறது: 20, 10, 0, −10, −20. இந்த ஐந்து எண்களையும் நேரத்துக்கு எதிராகக் குறித்தால் ஒரே நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் சாய்வு முடுக்கம். கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு இடப்பெயர்ச்சி. முதல் இரண்டு நொடிகளில் உருவாகும் முக்கோணத்தின் பரப்பு 20 மீட்டர். அதுவே பந்து எட்டும் உயரம். அடுத்த இரண்டு நொடிகளின் முக்கோணம் அச்சுக்குக் கீழே அமைவதால், நான்கு நொடிகளின் மொத்த இடப்பெயர்ச்சி சுழி. ஆனால் கடந்த தொலைவு 40 மீட்டர். ஆகவே சராசரித் திசைவேகம் சுழி, சராசரி வேகம் நொடிக்கு 10 மீட்டர். வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை வரையறையாகப் பத்து முறை படிப்பதைவிட, இந்த ஒரு கணக்கு அதைத் தெளிவாகக் காட்டிவிடும். இயக்கச் சமன்பாடுகள் முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லுபடியாகும். வரைபடத்தின் சாய்வும் பரப்பும் முடுக்கம் மாறினாலும் உதவும். அதனால்தான் வரைபடத்தை முதலில் வைக்கிறேன்.

இப்போது உங்களையே சோதிக்கும் கேள்வி: உச்சியில் பந்தின் முடுக்கம் என்ன? நன்றாகப் படித்தவர்கள்கூட இதற்குச் சுழி என்று விடை சொல்வதுண்டு. உச்சியில் சுழியாவது திசைவேகம் மட்டுமே. முடுக்கமும் அங்கே சுழியாகி அப்படியே நீடித்தால், திசைவேகம் மாற வழியின்றிப் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும். கீழே விழும் பகுதியையும் ஒருமுறை பாருங்கள்: முதல் நொடியில் 5 மீட்டர், அடுத்த நொடியில் 15 மீட்டர், அதாவது ஒன்றுக்கு மூன்று; இரண்டு நொடிகளில் மொத்தம் 20 மீட்டர், அதாவது இரு மடங்கு நேரத்தில் நான்கு மடங்கு தொலைவு. ஓய்விலிருந்து கீழிறங்கும் பொருள் கடக்கும் தொலைவு நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிக் கண்டறிந்து 1638-இல் வெளியிட்டார். அவரிடம் இன்றைய கடிகாரம் இல்லாததால், விழும் வேகத்தைக் குறைக்கவே சாய்தளத்தைப் பயன்படுத்தினார்.

விசைப் பாடத்தில்தான் பிழைகள் அதிகம் ஒளிந்திருக்கின்றன. ஆகவே இங்கே நேரம் செலவிடுங்கள். கையை விட்டு நீங்கிய பந்தைத் தனியாக வரைந்து, அதன் மீது செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டுங்கள். பலர் கீழ்நோக்கி எடையையும், மேல்நோக்கி 'எறிந்த விசை' ஒன்றையும் வரைவார்கள். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் அந்த விசையைத் தரும் பொருள் எது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இப்பிழை நேராது. எடையைத் தருவது புவி. எறிந்த விசையைத் தந்தது கை. அது இப்போது பந்தைத் தொடவில்லை, எனவே அந்த விசையும் இல்லை. பந்து மேலே செல்வது விசையால் அன்று, அது ஏற்கெனவே பெற்ற திசைவேகத்தால். 1687-இல் நியூட்டன் வெளியிட்ட விதிகளின் சாரமே இதுதான்: இயக்கம் தொடர விசை தேவையில்லை, இயக்கம் மாறவே விசை தேவை. நம் பந்தின் மீதுள்ள ஒரே விசை 5 நியூட்டன்; அதை 0.5-ஆல் வகுத்தால் 10. முன்பு வரைந்த கோட்டின் சாய்வும் இதே அளவு என்பதைக் கவனியுங்கள்.

பந்தின் நிறையை இரு மடங்காக்கினால் எடையும் இரு மடங்காகும். ஆனால் மாற்றத்தை எதிர்க்கும் நிலைமமும் இரு மடங்காவதால் முடுக்கம் மாறாது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது, காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலும் ஓர் இறகும் ஒரே நேரத்தில் கைவிடப்பட்டு ஒன்றாகவே தரையைத் தொட்டன. அங்கே ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 1.6 மீ/வி² மட்டுமே. நம் பந்தின் எடை அங்கு 0.8 நியூட்டனாகக் குறையும், நிறையோ அதே 0.5 கிலோகிராம்தான்.

மூன்றாம் விதிக்கு மட்டும் பந்தை மேசைமேல் வைத்துப் பாருங்கள். பந்தின் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் சம அளவில் எதிரெதிராக இருப்பதால், அவற்றை வினை, எதிர்வினை என்று எழுதத் தோன்றும். அது தவறு. இரண்டுமே பந்தின் மீது செயல்படுபவை. வினையும் எதிர்வினையும் எப்போதும் வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படும். புவி பந்தை இழுப்பதற்கு இணை, பந்து புவியை இழுப்பது. மேசை பந்தைத் தாங்குவதற்கு இணை, பந்து மேசையை அழுத்துவது.

ஆற்றலுக்கு வரும்போது 0, 5, 10, 15, 20 மீட்டர் உயரங்களுக்கு ஒரு சிறு அட்டவணை போடுங்கள். நிலை ஆற்றல் முறையே 0, 25, 50, 75, 100 ஜூல்; இயக்க ஆற்றல் அதே எண்கள் தலைகீழாக. 15 மீட்டர் உயரத்தில் இயக்க ஆற்றல் 25 ஜூல், எனவே வேகம் நொடிக்கு 10 மீட்டர். வரைபடத்திலும் ஒரு நொடி முடிவில் பந்து இதே உயரத்தில், இதே வேகத்தில் இருக்கிறது. பாதி உயரத்தில் வேகம் பாதியாக இராது, ஏறத்தாழ 14 இருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்திருப்பதே காரணம். எறியும் வேகத்தை இரு மடங்காக்கினால் உயரம் நான்கு மடங்காகி 80 மீட்டரைத் தொடும், நேரமோ இரு மடங்கு மட்டுமே. பிரேக் விசை மாறாதிருந்தால், இரு மடங்கு வேகத்தில் வரும் வாகனம் நிற்க நான்கு மடங்கு தொலைவு வேண்டியிருப்பதும் இதே கணக்குதான். இருப்பினும் ஆற்றல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது: 15 மீட்டரில் பந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையோ, அங்கே சேர எவ்வளவு நேரமாயிற்று என்பதையோ அட்டவணையில் காண முடியாது. வினாவில் நேரம் கேட்கப்பட்டால் இயக்கச் சமன்பாடும், உயரமும் வேகமும் மட்டும் கேட்கப்பட்டால் ஆற்றலும் குறுக்குவழி.

இனி எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிக்கும் கணக்கு. கை, பந்தை 1 மீட்டர் உயரத்துக்கு மாறாத விசையுடன் தள்ளி இந்த வேகத்தைத் தந்தது என்று கொண்டு, கையின் விசையைக் கண்டுபிடியுங்கள். இயக்கச் சமன்பாட்டின்படி முடுக்கம் 200 மீ/வி²; ஆகவே நிகர விசை 100 நியூட்டன், எடையையும் சேர்த்துக் கை தந்தது 105 நியூட்டன். ஆற்றல் வழியில், கை செய்த வேலையிலிருந்து எடைக்கு எதிரான 5 ஜூலைக் கழித்தால் 100 ஜூல் வர வேண்டும், மீண்டும் 105. உந்தத்தின் (நிறை × திசைவேகம்) வழியில், சராசரி வேகம் 10 என்பதால் தள்ளிய நேரம் 0.1 நொடி, உந்த மாற்றம் 10 கி.கி.மீ/வி, வகுத்தால் நிகர விசை 100 நியூட்டன். உங்களுக்கு 100 மட்டுமே விடையாக வந்திருந்தால், எடையை மறந்துவிட்டீர்கள்.

கடைசியாக, ஒதுக்கி வைத்த காற்றின் தடையை எண்கள் இல்லாமலே சேர்த்துப் பாருங்கள்: ஏற எடுக்கும் நேரம் அதிகமா, இறங்க எடுக்கும் நேரமா? தடை எப்போதும் இயக்கத்துக்கு எதிராகச் செயல்பட்டு இயந்திர ஆற்றலை (நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் சேர்ந்த மொத்தத்தை) குறைத்துக்கொண்டே இருப்பதால், எந்த உயரத்தை எடுத்தாலும் பந்து இறங்கும்போதுள்ள வேகம் ஏறும்போதிருந்ததைவிடக் குறைவு. அதே தொலைவைக் குறைந்த வேகத்தில் கடப்பதால் இறங்கவே அதிக நேரமாகும். உச்சியில் மட்டும், திசைவேகம் சுழியாக உள்ள அக்கணத்தில் தடையும் சுழி. அங்கே முடுக்கம் அதே 10தான்.