பாக்கெட் பிஸ்டல்: துருவும் காகிதமும்

நம் ஊரில் லைசென்ஸ் எடுத்துப் பிஸ்டல் வைத்திருப்பவர்களில் பலர் அதைச் சுடுவதே அபூர்வம். வாங்கிய புதிதில் நாலு பேரிடம் காட்டுவார்கள், அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும். சுட்டுச் சுட்டுத் தேய்ந்த பிஸ்டலை ரிப்பேர் கடையில் பார்ப்பது கஷ்டம், சும்மா கிடந்தே கெட்டுப்போனதைத்தான் அதிகம் பார்க்கலாம். லைசென்ஸ் புத்தகமும் அதே கதைதான், தேதி தாண்டிப்போய் ஒரு நாள் திடீரென்று ஞாபகம் வரும். அதனால் இங்கே எழுதுவது எப்படிச் சுடுவது என்பதைப் பற்றி அதிகம் இல்லை, வைத்திருப்பது எப்படி என்பதைப் பற்றி.

முதலில் ஏன் எல்லோரும் .32 பிஸ்டல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் (.32 என்பது தோட்டா ரகத்தின் பெயர், அங்குலக் கணக்கில்). 9 மி.மீ. போன்ற ராணுவ, போலீஸ் ரகங்கள் தடை செய்யப்பட்ட பிரிவில் வருகின்றன, சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. சட்டைப் பைக்கு அடங்குகிற கைத்துப்பாக்கி என்று தேடினால் பெரும்பாலும் .32 தான் மிஞ்சும். உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் அஷானி. இல்லையென்றால் தாத்தா காலத்து வால்தர் பிபிகே, பிரவுனிங் 1910, வெப்லி மாதிரி வெளிநாட்டுச் சரக்கு. 80களின் நடுவில் தனியார் இறக்குமதி அடைபட்டுப்போனதால் இந்தப் பழசுகளுக்கு இங்கே கேட்கிற விலை, அவை பிறந்த ஊர்க்காரன் கேட்டால் சிரிப்பான். பெயருக்காக மட்டும் அந்த விலை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அறுபது எழுபது வருஷப் பிஸ்டலுக்கு ஒரு ஸ்பிரிங் போனால் பொருத்தமான ஸ்பிரிங் தேடி அலைய வேண்டும்.

.32 என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பிஸ்டலுக்கான .32 தோட்டா வேறு, ரிவால்வருக்கான .32 தோட்டா வேறு. பிஸ்டல் தோட்டாவின் பித்தளைக் கூடு 17 மி.மீ. நீளம், கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வருக்கு வருவது 23 மி.மீ. கடையில் ‘பாயிண்ட் 32 ஒரு பெட்டி’ என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், உங்கள் பிஸ்டலின் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகர்கிற பாகம்) பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். 7.65 (இந்த ரகத்துக்கு மி.மீ. கணக்கில் உள்ள பெயர்) என்று போட்டிருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ரிவால்வர் தோட்டாவிலும் அந்த எண் வரும்.

சரி, காகிதம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016இல் வந்த விதிகளும்தான் அடிப்படை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகத்துக்கு, கமிஷனரேட் இருக்கிற நகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு. போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழி எல்லாம் உண்டு. 2019இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, லைசென்ஸின் ஆயுள் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. இந்த ஐந்து வருடம்தான் ஆபத்து, மூன்று வருடமாக இருந்தபோதாவது ஞாபகம் இருந்தது. போனில் காலண்டரில் போட்டுவையுங்கள், முடிகிற தேதிக்கு அல்ல, அதற்கு மூன்று மாதம் முன்னால். லைசென்ஸ் காலாவதியான மறுநாள் காலையில் உங்கள் பீரோவில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, வழக்கு என்று வந்தால் ‘மறந்துட்டேன் சார்’ எடுபடாது.

எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், எந்த எல்லைக்குள் எடுத்துச் செல்லலாம் என்பதெல்லாம் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் திருப்பதிக்குக் காரில் போகும்போதும் அது வீட்டில்தான் இருக்க வேண்டும், ரேணிகுண்டாவில் வைத்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வாங்கிய தோட்டாவை லைசென்ஸில் பதிவு செய்வார்கள், சுட்டதற்கு நீங்களும் ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள்.

இனி பிஸ்டலைக் கையில் எடுப்பது. துடைக்க எடுத்தாலும் சரி, யாருக்காவது காட்ட எடுத்தாலும் சரி, முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியை, கழற்ற வேண்டும், அதன் பிறகுதான் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்தால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கிற, குழலின் பின்முனை) இருந்த தோட்டா வெளியே விழும், விட்டதும் மேகசினில் இருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். அதற்கப்புறம் மேகசினைக் கழற்றிவிட்டு ‘காலி’ என்று நினைத்து ட்ரிகரைத் தொடுகிறவர்களால்தான் ‘சுத்தம் செய்யும்போது வெடித்தது’ என்ற செய்தி பேப்பரில் வருகிறது. சில மாடல்களில் மேகசின் இல்லாவிட்டால் ட்ரிகர் வேலை செய்யாது, எல்லாவற்றிலும் அப்படி இல்லை, அதை நம்பி உட்கார வேண்டாம். ஸ்லைடைத் திறந்து வைத்துக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை சேம்பரில் விட்டுத் தடவிப் பாருங்கள். சுத்தம் செய்கிற மேஜையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது, அடுத்த அறையில் இருக்கட்டும். எப்போதும் குழல் முனை ஆள் இல்லாத பக்கம், சுடப்போகும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இது காலி என்று தெரிந்த பிறகும்தான்.

சுத்தம் செய்ய அதிகம் சாமான் தேவையில்லை. .32 அளவுக் கம்பி, வெண்கலப் பிரஷ், சின்னச் சின்னப் பருத்தித் துணித் துண்டுகள், பழைய டூத்பிரஷ், கரி அழுக்கைக் கரைக்கிற திரவம் (கரைப்பான்), நல்ல துப்பாக்கி எண்ணெய். பிபிகே மாதிரி பிஸ்டல்களில் குழல் உடலோடு இறுகியே இருக்கும், கம்பியைப் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் விட வேண்டியிருக்கும். அப்படி விடும்போது கம்பி குழல் வாயின் விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த விளிம்பு தேய்ந்தால் குறி போய்விடும். பிரவுனிங் 1910 வகையில் குழலே தனியாகக் கழன்று வரும், வேலை சுலபம். ஆனால் குழலைச் சுற்றி இருக்கிற ஸ்பிரிங்கை முன்பக்க மூடி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும், அதைத் திருகும்போது கை நழுவினால் ஸ்பிரிங் துள்ளி முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கட்டைவிரலால் மூடியை அழுத்திப் பிடித்தபடி செய்யுங்கள். முதல் தடவை தெரிந்தவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு கழற்றுவது நல்லது.

கரைப்பானில் நனைத்த துணி, கொஞ்ச நேரம் ஊற விடுவது, பிரஷ், காய்ந்த துணி, அழுக்கு வருவது நிற்கும் வரை இதையே திரும்பச் செய்வது. கடைசியில் எண்ணெய் தொட்ட துணி ஒன்று, அவ்வளவுதான். ஸ்லைடு ஓடுகிற பள்ளங்களில் ஒவ்வொரு சொட்டு. நிக்கல் பூச்சு உள்ள பிஸ்டல் என்றால் அம்மோனியா கலந்த கரைப்பான் வேண்டாம், பூச்சை அரித்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் இரண்டு எல்லைக்கும் போவார்கள். ஒன்று, தொடவே மாட்டார்கள். இல்லையென்றால் பஜ்ஜி மாதிரி முக்கி எடுப்பார்கள். எண்ணெய் அதிகமானால் தூசியும் கரியும் சேர்ந்து பிசின் ஆகும், அதைவிட மோசம் சேம்பர் வழியாக வழிந்து தோட்டாவின் அடிப்பக்கம் இறங்கி பிரைமரை (அடிபட்டதும் தீப்பற்றுகிற மருந்து) கெடுத்துவிடும், வேண்டிய நேரத்தில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நிற்கும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நாளானால் பிசுபிசுத்துக் காயும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்கு ஓகே, ஆனால் சீக்கிரம் வழிந்துபோய்விடும்.

துருதான் இங்கே நிஜமான எதிரி. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இரும்புக் கதவே பல்லிளிக்கிற ஊர். கை வியர்வையில் உப்பு இருக்கிறது, கறுப்புப் பூச்சுள்ள பிஸ்டலை வெறும் கையால் தொட்டு அப்படியே வைத்தால் சில நாளிலேயே விரல் பட்ட இடம் செந்நிறமாகும். யார் தொட்டாலும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். தோல் உறைக்குள் வைத்து பீரோவில் பூட்டுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும், உறை வெளியே கொண்டுபோகும்போது மட்டும். உள்ளே வைக்கும்போது எண்ணெய் தொட்ட பருத்தித் துணி, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள்.

ஆயுத பூஜை அன்று பிஸ்டலுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிற வீடுகள் உண்டு. வைக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் காலி செய்து வையுங்கள், குழலுக்குள் எதுவும் போகக் கூடாது, பூஜை முடிந்து மறுநாள் வரை விடாமல் அன்று இரவே ஈரச் சந்தனத்தைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். அப்புறம் கொண்டாட்டம் என்று வானத்தைப் பார்த்துச் சுடுகிற வேலை மட்டும் வேண்டாம், 2019 திருத்தத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு வந்துவிட்டது, இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

பளபளப்பாக்குகிறேன் என்று பிராசோ போட்டுத் தேய்ப்பதும், பாலிஷ் கடையில் கொடுப்பதும் இன்னொரு வம்பு. பூச்சு போவது ஒரு பக்கம், சீரியல் நம்பர் மழுங்கிப்போனால் சட்டப்படி அதுவே குற்றம். ரிப்பேர் என்றால் அதற்கு லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும், எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் தெருமுனை லேத்காரரிடம் கொடுக்கக் கூடாது.

மேகசினைப் பற்றி. .32 பிஸ்டல் தோட்டாவின் அடி விளிம்பு உடலைவிட ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் போய்விட்டால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு மேலே ஏறாது. அடைபட்டால் ஸ்லைடை எத்தனை தடவை இழுத்தாலும் சரியாகாது, மேகசினைக் கழற்றித் தோட்டாக்களை எடுத்து மறுபடி போடத்தான் வேண்டும். அதனால் நிரப்பும்போது அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் பிறகு மேல் தோட்டாவை விரலால் அழுத்திப் பாருங்கள், தடையில்லாமல் இறங்கி ஏற வேண்டும். மேகசின் வாயின் இரண்டு உதடுகளும் நெளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே விழுந்த மேகசின்தான் பாதித் தகராறுக்குக் காரணம்.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது ரைபிள் கிளப்பில் போய்ச் சுடுங்கள், பழைய தோட்டாக்களை அங்கே தீர்த்துவிட்டுப் புதியதை வீட்டில் வைக்கலாம். சின்னக் குண்டு என்பதால் மென்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், லேசான உடல், நேராகப் பின்னால் வருகிற ஸ்லைடு, சுள்ளென்று உதைக்கும். பிடியைச் சரியாகப் பிடிக்காவிட்டால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையை ஸ்லைடு கீறிவிடும், பிபிகே இதற்குப் பேர் போனது. ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் முனையை இலக்கின் பக்கமே வைத்து முப்பது வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. சத்தம் வழக்கத்தைவிட அமுங்கிக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம், அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

பாக்கெட்டில் வைப்பது பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. சாவி, சில்லறை, பேனா இருக்கிற பாக்கெட்டில் பிஸ்டல் வேண்டாம், ட்ரிகரை மூடுகிற உறை இல்லாமலும் வேண்டாம். பழைய மாடல்களில் பல, கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடியவை, அவற்றில் சேம்பரைக் காலியாகவே வைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பிஸ்டல் ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். தலையணைக்கு அடியில் வைக்கிற கதையெல்லாம் சினிமாவோடு போகட்டும்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் இருந்து போன் வரும், துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி. பிஸ்டல் அதிகம் கெடுவது இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். ஒப்படைக்கும் முன் முழுக்கச் சுத்தம் செய்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் பூசி, நாலு பக்கமும் சீரியல் நம்பர் தெரியப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் மாடல், நம்பர், மேகசின் எத்தனை, தோட்டா எத்தனை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், ‘பிஸ்டல் 1’ என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். ஸ்டேஷனில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலும் ஒப்படைக்கலாம், வாடகை கேட்பார்கள், ஆனால் பெரும்பாலும் பொருள் நன்றாக இருக்கும். திரும்ப வாங்கும்போது அங்கேயே ஸ்லைடைத் திறந்து குழலுக்குள் வெளிச்சம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வைத்திருக்க வேண்டாம் என்று தோன்றினால் விற்கலாம், ஆனால் நண்பனுக்குக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குகிற கதை இல்லை. வாங்குபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்றலாம். லைசென்ஸ்காரர் இறந்துபோனால் வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பிஸ்டலை அப்படியே பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது, தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் வாரிசாக விண்ணப்பிக்கலாம். இதை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ மகனிடமோ இப்போதே சொல்லி, லைசென்ஸ் எங்கே இருக்கிறது, பூட்டின் சாவி எங்கே, எந்தக் கடையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, பிஸ்டல் இருக்கிற பீரோவில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.