துடிப்பு தாளம் தப்பும்போது தூங்குவது எப்படி?

இடது பக்கம் திரும்பிப் படுத்தால், தலையணைக்குள் யாரோ உலக்கை போடுவது போலக் கேட்கும். இரண்டு குத்து, ஒரு இடைவெளி, அப்புறம் அவசர அவசரமாக மூன்று குத்து. எனக்கு இருப்பது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அதனால் நாடி தாளத்துக்கு வராது. கண்டுபிடித்த புதிதில் ஆறு மாதம், நான் தூங்கிய நேரத்தைவிடத் துடிப்பை எண்ணிய நேரம்தான் அதிகம்.

அப்போது யாராவது வரிசையாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கிய விஷயங்களை இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மாத்திரையை நிறுத்துவது, நேரம் மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

தொடங்கும் முன்

நெஞ்சு வலி, மயக்கம், கடுமையாக மூச்சு வாங்குவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது: இதில் எது வந்தாலும் தூங்க முயல வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடும் ஆபத்து இந்த நோயில் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

படி 1: எது எழுப்புகிறது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரண்டு வாரம், காலையில் எழுந்ததும் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை முறை விழித்தேன், விழித்ததும் முதலில் தெரிந்தது என்ன? படபடப்பா, சிறுநீரா, மூச்சுத் திணறலா, கெட்ட கனவா?

படபடப்பு என்றால் நாடி பாருங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி. நம்முடையதற்குக் கணக்கு தப்பிவிடும். ஒரு தடவை எண்ணினால் போதும். திரும்பத் திரும்ப எண்ணினால் பயத்திலேயே ஏறும்.

என் நோட்டைப் பார்த்து நானே அசந்துபோனேன். இதயம் எழுப்பிய இரவுகள் கொஞ்சம்தான். பெரும்பாலும் பாத்ரூம் போகத்தான் எழுந்திருக்கிறேன். திரும்பி வந்து படுத்த பிறகுதான் துடிப்பைக் கவனிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

படி 2: குறட்டையை விசாரியுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். குறட்டை விடுகிறேன் என்பதை நான் ஒப்புக்கொண்டதே இல்லை. ஒரு நாள் காலையில் வீட்டில் சொன்னாள்: "குறட்டை கூடப் பரவாயில்லைங்க, அது திடீர்னு நிக்குது பாருங்க, அப்பத்தான் எனக்கு பயமா இருக்கு." போனில் பதிவு செய்தும் வைத்திருந்தாள். கேட்டேன். சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை, அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவன் போல ஒரு இழுப்பு.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது. காற்று வராமல் நெஞ்சு இழுக்கிறது. அந்த இழுவையில் இதயத்தின் மேலறைச் சுவர் விரிகிறது. ஆக்சிஜன் இறங்குகிறது, அட்ரினலின் ஏறுகிறது. விரிந்த மேலறை சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனையும் சுரக்கிறது. என் பாத்ரூம் நடைக்கு இதுவும் ஒரு காரணமாம்! இதைக் கவனிக்காமல் விட்டால், நெஞ்சில் மின் ஷாக் கொடுத்தோ, அப்லேஷன் (தாளத்தைக் குழப்பும் இதயத் திசுவைச் சுட்டோ உறைய வைத்தோ அடக்குவது) செய்தோ சரியாக்கிய துடிப்பு மறுபடி தப்பும் வாய்ப்பு அதிகம்.

டாக்டரிடம் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது செய்யும் பரிசோதனை) வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30ஐத் தொட்டால் கடுமையானது. தேவைப்பட்டால் சி-பாப் கருவி எழுதித் தருவார்கள். 1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் கொண்டுவந்தது. முகமூடி வழியாகக் காற்றை ஊதித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் யானைத் தும்பிக்கை மாட்டியது போலத்தான் இருக்கும். முகமூடி அளவு பொருந்தாவிட்டால் மாற்றிக் கேளுங்கள். கழற்றி அலமாரியில் போட்டுவிடாதீர்கள்.

படி 3: மாத்திரைச் சீட்டை எடுங்கள்

மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் போன்ற, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், விசித்திரமான கனவுகளையும் தரும். நீர் பிரிய எழுதிய மாத்திரையை மாலையில் போட்டால் ராத்திரி முழுக்க நடைதான். நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். கடையில் நாமாக வாங்கும் சளி மாத்திரைகள் சில, துடிப்பை ஏற்றிவிடும். தூக்க மாத்திரையையும் கேட்காமல் போட வேண்டாம். சிலவற்றால் மூச்சுத் தடை மோசமாகலாம்.

படி 4: சாப்பாடும் படுக்கையும்

இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். வயிறு முட்டப் புரோட்டா தின்று உடனே சாய்ந்தால் எனக்குத் துடிப்பு நிச்சயம் தப்பும். ஆறு மணிக் காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். மதுவில் சமரசமே வேண்டாம். விடுமுறையில் குடித்துவிட்டுத் துடிப்பு தப்பி வந்தவர்களைப் பார்த்து, 1978இலேயே அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இடது பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், அதனால்தான் உலக்கைச் சத்தம். வலது பக்கம் திரும்புங்கள். ஆனால் மூச்சு வாங்குவதால் இரண்டு மூன்று தலையணை தேவைப்படுகிறது என்றால் அதைத் தலையணையால் சமாளிக்காதீர்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 5: விழித்துவிட்டால்

துடிப்பு நின்று, அப்புறம் ஓங்கிக் குத்துகிறதா? இடைவெளி நீண்டதால் இதயத்தில் கூடுதலாக ரத்தம் நிரம்பியது. அடுத்த துடிப்பு அதைப் பலமாகத் தள்ளுகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து.

நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். குத்துமதிப்பாக இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் செருகும்போது திரும்பப் போகலாம். எப்படித் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது.

ஸ்மார்ட் வாட்சை நான் முதலில் கட்டிக்கொண்டேதான் படுத்தேன். ராத்திரியில் நூறுமுறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பேன். ராத்திரியிலும் கட்டச் சொல்லி டாக்டர் எனக்குச் சொல்லவில்லை. அதனால் இப்போது அது சமையலறையில், காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. காலையில் பால் காய்ச்சும்போதுதான் எடுத்துப் பார்க்கிறேன்.