வஹாகாவில் தனியாக, நிதானமாக: சைவ ஹலால் சாப்பாட்டோடு ஊர் சுற்றுவது எப்படி?

மெக்சிகோவின் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வஹாகா. ஸ்பானியர் காலத்தில் கட்டம் போட்டு அமைத்த தெருக்களும், பச்சை நிறக் கல்லில் எழுந்த தேவாலயங்களும் உள்ள ஊர். பழைய நகரமும் அருகில் மலைமேல் இருக்கும் பழங்கால இடிபாடுகளான மொந்தே அல்பானும் சேர்ந்து 1987-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம் என்பதால், தனியாகப் போகிறவருக்குத் தோதான ஊர் இது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கே ஹலால் இறைச்சியைத் தேடி அலைவதைவிட சைவமாகச் சாப்பிடுவது பல மடங்கு எளிது. ஆனால் இறைச்சியை ஒதுக்கினால் மட்டும் போதாது. இறைச்சி கண்ணுக்குத் தெரியும். பன்றிக் கொழுப்பும் கோழிச் சாறும் தெரியாது. கீழே உள்ள படிகளில் பாதி, அந்த இரண்டையும் கண்டுபிடிக்கும் வழிதான்.

படி 1: வீட்டிலேயே எடுக்க வேண்டிய முடிவுகள்

கடை வாசலில் நின்று யோசிக்காமல், கிளம்புவதற்கு முன்பே நான்கு விஷயங்களில் உங்கள் எல்லையை முடிவு செய்யுங்கள்.

முட்டை சாப்பிடுவீர்களா? சாப்பிட்டால் காலை உணவுக் கவலை பெரிதும் தீர்ந்தது. அடுத்தது சீஸ். நூல்கண்டுபோலச் சுற்றி விற்கும் கெசீயோ இந்த ஊரின் சீஸ். பாலை உறையவைக்கப் போடும் குவாஹோ கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம், நுண்ணுயிரியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். சந்தையில் விற்பவருக்குப் பெரும்பாலும் எது என்று தெரியாது. சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டில் மட்டும்தான் படித்துப் பார்க்க முடியும். மூன்றாவது, சிவப்புச் சாயம். காலனிக் காலத்தில் இந்த ஊரைப் பணக்கார ஊராக்கியதே கள்ளிச்செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியின் சிவப்புதான். அதே சாயம் இன்று ஸ்ட்ராபெரி தயிரிலும் மிட்டாயிலும் வருகிறது. பாக்கெட்டில் ‘கார்மின்’ என்றோ ஈ120 என்றோ போட்டிருக்கும். கடைசியாக, இறைச்சி சமைத்த கல்லிலேயே வாட்டியதைச் சாப்பிடுவீர்களா?

ஹலால் பார்ப்பவர்கள் சீஸ், சாயம் இரண்டையும் தங்கள் மத்ஹபுப்படி ஊரிலேயே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

படி 2: மாதம், விசா, அறை

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை மழை இல்லை, பகல் வெயிலும் தாங்கும். ஏப்ரலும் மேயும் சூடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் மழை. நிதானமாக இருக்க விரும்பினால் மூன்று சமயங்களைத் தவிருங்கள்: கெலகெட்சா திருவிழா நடக்கும் ஜூலைக் கடைசி, இறந்தோர் நாள் வரும் நவம்பர் முதல் வாரம், கிறிஸ்துமஸ் வாரம். அப்போது அறை வாடகையும் கூட்டமும் எகிறிவிடும்.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருந்தால், மெக்சிகோவுக்குத் தனியாகச் சுற்றுலா விசா வேண்டாம். இல்லையென்றால் தூதரகத்தில் வாங்க வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறினால் அதற்கும் விசா கட்டாயம். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே டிக்கெட் போடுமுன் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மெக்சிகோ சிட்டியிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். அங்குள்ள தாப்போ பஸ் நிலையத்திலிருந்து ஏ.டி.ஓ. நிறுவனத்தின் பஸ்ஸில் ஆறரை, ஏழு மணி நேரம்.

அறையை சாந்தோ தொமிங்கோ தேவாலயத்துக்கும் ஸோகாலோ சதுக்கத்துக்கும் நடுவிலோ, கிழக்கே உள்ள ஹலட்லாகோ பகுதியிலோ எடுங்கள். சின்ன சமையலறை இருந்தால் மிக நல்லது. இங்கே மின்சாரம் 127 வோல்ட், பிளக் தட்டை முள். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். ஆனால் 230 வோல்ட்டுக்குச் செய்த நம் ஊர் எலக்ட்ரிக் குக்கரைச் செருகினால் அதன் சக்தியில் சுமார் 30 சதவீதம்தான் கிடைக்கும். அரிசி வேகாமல் ஊறிக்கொண்டே கிடக்கும். சுமந்து போக வேண்டாம்.

தொழுகிறவர்களுக்கு: இங்கிருந்து மக்கா இருக்கும் திசையான கிப்லா வடகிழக்கு, வடக்கிலிருந்து சுமார் 50 டிகிரி. ஊர்ப் பழக்கத்தில் மேற்கே திரும்பிவிடாதீர்கள். அறைக்குள் நுழைந்ததும் திசைகாட்டி வைத்துப் பார்த்து ஒரு சுவரை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஐந்து வாக்கியங்கள் மனப்பாடம்

‘வெஹெதாரியானோ’ (சைவம்) என்று மட்டும் சொன்னால் கோழித் துண்டை எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொடுப்பார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. கோழிச் சாறு அங்கே சமையலின் அடிப்படை, அதை யாரும் இறைச்சி என்று எண்ணுவதில்லை. அதேபோல ‘கார்னே’ (இறைச்சி) என்றால் பல பேருக்கு மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும்தான். கோழி அதில் சேராது. ஆகவே பிரித்துப் பிரித்துச் சொல்லுங்கள்:

“நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ.” இறைச்சி, கோழி, மீன் எதுவும் சாப்பிட மாட்டேன்.

“யேவா மாந்தேகா தே புயெர்கோ?” பன்றிக் கொழுப்பு சேர்த்ததா?

“யேவா கால்தோ தே போயோ?” கோழிச் சாறு சேர்த்ததா?

“சின் அசியெந்தோ, போர் ஃபவோர்.” அசியெந்தோ தடவாமல் கொடுங்கள். பன்றிக் கொழுப்பை உருக்கியபின் பாத்திரத்தின் அடியில் தங்கும் பழுப்பு நிறக் கசடுதான் அது.

“சின் ஆல்கோல்.” மது இல்லாமல்.

மாந்தேகா என்றால் பன்றிக் கொழுப்பு, மாந்தேகீயா என்றால் வெண்ணெய். சத்தமான கடையில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் ‘தே புயெர்கோ’ என்ற சொற்களை விடாமல் சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்தையும் ஸ்பானிய எழுத்தில் ஒரு அட்டையில் அச்சடித்து வைத்துக்கொண்டால், போனில் சார்ஜ் போனாலும் கவலையில்லை.

படி 4: முதல் நாள்

முதல் நாளில் ஒன்றும் செய்யாமல் இருங்கள். விமான நிலையத்திலிருந்து பகிர்வு வேன் கிடைக்கும். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் கட்டணம் பேசுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும்போது “உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா” என்று திரையில் கேட்டால் மறுத்துவிடுங்கள். அதை ஏற்றால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள். 500 பெசோ நோட்டைச் சந்தையில் மாற்றித் தர மாட்டார்கள், சூப்பர்மார்க்கெட்டில் சில்லறை ஆக்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தங்கும் இடத்தில் கராஃபோன் எனும் 20 லிட்டர் கேன் இருக்கும், அதிலிருந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டே வெளியே போங்கள்.

மாலையில் வாகனம் ஓடாத மாசேதோனியோ அல்காலா தெரு வழியாக இறங்கி ஸோகாலோவுக்கு நடங்கள். பெரிய இந்திய லாரல் மரங்களின் நிழலில் பெஞ்சுகள் இருக்கின்றன. 2002-ல் இந்தச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் வராமல் தடுத்த போராட்டத்தை ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ முன்னின்று நடத்தினார். இன்று இங்கே தனியாக உட்கார்ந்து சாக்லேட் குடிக்கும் அமைதிக்கு அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

படி 5: சாப்பாடு

ஒரு அடிப்படை விதி: சோளத்தை நம்புங்கள், கோதுமையைக் கேளுங்கள். சோள தோர்த்தீயா எனும் மெல்லிய ரொட்டியில் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளமும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. கோதுமைத் தோர்த்தீயாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம். இனிப்பு ரொட்டிகளிலும் அப்படியே.

காலையில் சந்தைக்குப் போங்கள். வாட்டும் கல்லைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். மண்ணால் செய்த கோமாலின் மேல் சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருக்கும். மாவு ஒட்டாமலிருக்கத்தான் அந்தப் பூச்சு, ஆகவே எண்ணெயோ கொழுப்போ தேவையில்லை. கறுத்துப் பளபளக்கும் இரும்புக் கல்லில் எந்தக் கொழுப்பு ஊறியிருக்கிறது என்று சொல்ல முடியாது. மண் கோமால் உள்ள இடத்தில் பூசணிப்பூவும் கெசீயோவும் வைத்து மடித்த தோர்த்தீயாவான கெசதீயா கேளுங்கள். ஃப்லோர் தே கலபாஸா என்றால் பூசணிப்பூ. காளானும், சோளக்கதிரில் வளரும் கறுப்புப் பூஞ்சையான விட்லகோச்சேயும் கிடைக்கும். தடித்த சோள ரொட்டியான மெமெலா வாங்கினால் ‘சின் அசியெந்தோ’ என்பதை மாவைத் தட்டும்போதே சொல்லிவிடுங்கள். முதலில் தடவுவதே அதைத்தான்.

பக்கத்திலேயே அகலமான மண் தொட்டியோடு தெஹாத்தே எனும் பானம் விற்கும் பெண்கள் இருப்பார்கள். சோளம், கக்காவோ (கொக்கோ), மமேய் பழக்கொட்டை, ரோசீதா தே கக்காவோ எனும் பூ எல்லாம் அரைத்த விழுதை, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்து, உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றுவார்கள். மேலே வெள்ளை நுரை திரளும். புளிக்கவைத்த பானம் அல்ல, மது இல்லை, பாலும் இல்லை. தண்ணீர் மட்டும் சுத்தமானதா என்று பாருங்கள். பெரிய கேன் அருகில் இருந்தால் தைரியமாகக் குடிக்கலாம். அன்னாசியைப் புளிக்கவைத்த தெபாச்சேவிலும் கற்றாழைச் சாறான புல்கேயிலும் மது உண்டு. அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.

இங்கே முக்கியமான உணவு மதியம் இரண்டு முதல் நான்கு வரை. சிக்கனமான கொமீதா கொர்ரீதாவில் சூப், சோறு, குழம்பு, பழ பானம் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் சிக்கலும் அங்கேதான்: சூப்பும் சோறும் கோழிச் சாற்றிலோ கோழிப் பொடியிலோதான் பெரும்பாலும் வேகும். சிவப்புச் சோற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். தனித் தட்டாகக் கேளுங்கள்: கறுப்பு பீன்ஸ் குழம்பில் தோய்த்த என்ஃப்ரிஹோலாதாஸ், பூசணிக் கொடித் தளிரில் வைக்கும் சோப்பா தே கீயாஸ், கள்ளி இலையான நோப்பாலெஸ் சாலட். பீன்ஸில் வித்தியாசம் உண்டு. ஃப்ரிஹோலெஸ் தே ஓயா என்பது பானையில் தண்ணீரில் வெந்தது, பெரும்பாலும் கொழுப்பு இல்லாதது. மசித்து வறுத்த ரெஃப்ரீதோஸ் என்றால் கொழுப்பைக் கேட்டே ஆக வேண்டும். வெர்தோலாகாஸ் நம் பருப்புக்கீரையேதான். ஆசைப்பட்டு ஆர்டர் செய்துவிடாதீர்கள், அதைப் பன்றியிறைச்சியோடு சமைப்பது அங்கே வழக்கம்.

மிளகாயும் மசாலாவும் அரைத்துச் செய்யும் குழம்பான மோலே இந்த ஊரின் பெருமை. கோழித் துண்டு இல்லாமல் கேட்டாலும் குழம்பு கோழி அல்லது வான்கோழிச் சாற்றில் கரைத்ததாகவே இருக்கும். சைவ உணவகத்தில் மட்டும் சாப்பிடுங்கள்.

இரவில் த்லாயூதா. பெரிய மொறுமொறுப்பான சோளத்தட்டு. மூன்று கேள்வி: அசியெந்தோ வேண்டாம், இறைச்சி வேண்டாம், பீன்ஸ் விழுதில் மாந்தேகா உண்டா? தெருவில் நிமிர்ந்த கம்பியில் சுழலும் இறைச்சியைப் பார்த்து ஷவர்மா என்று எண்ணிவிடாதீர்கள். லெபனான் குடியேறிகள் கொண்டுவந்த முறைதான், ஆனால் அல் பஸ்தோர் என்றால் பன்றி. மெக்சிகோவில் ‘தாக்கோஸ் ஆராபெஸ்’ என்ற பெயர்ப்பலகை பார்த்தாலும் அதே கதை.

இன்னும் சில: இலையில் பொதிந்து அவிக்கும் தமாலின் சோள மாவைப் பன்றிக் கொழுப்போடு அடிப்பார்கள், ரோஸ் நிற இனிப்புத் தமாலும் விலக்கல்ல. தெருவில் விற்கும் வண்ண ஜெல்லியில் ஜெலட்டின். ஆரஞ்சுத் துண்டின் மேலும் மது இல்லாத பானங்களின் கோப்பை விளிம்பிலும் தூவும் சிவந்த உப்பு பெரும்பாலும் புழுவை அரைத்துச் சேர்த்தது. குவாகமோலேயின் மேல் வறுத்த வெட்டுக்கிளி வரும். ‘சின் சல் தே குசானோ, சின் சப்பூலீனெஸ்’ என்று சொல்லிவிட்டால் போதும்.

அலுத்துப்போன நாளில் அறையிலேயே சமையுங்கள். சந்தையில் சாயோத்தே என்று விற்பது நம் சௌசௌ, அதன் பூர்வீகமே இந்தப் பகுதிதான். லெந்தேஹாஸ் எனும் பருப்பு, தக்காளி, பச்சை மிளகாய், அரிசி. அரை மணியில் கூட்டும் சோறும் தயார். உயரம் காரணமாகப் பருப்பு வேக நம் ஊரைவிடக் கூடுதல் நேரம் ஆகும், முன்பே ஊறவையுங்கள்.

படி 6: நாட்களைப் பிரிப்பது

ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். காலையில் அதை முடித்து, மதியம் சாப்பிட்டு, படுத்து, ஐந்து மணிக்கு மேல் மறுபடி வெளியே வாருங்கள்.

சாந்தோ தொமிங்கோ மடத்தின் அருங்காட்சியகத்துக்கு ஒரு காலை முழுதும் வேண்டும். 1932-ல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காஸோ மொந்தே அல்பானின் ஏழாவது கல்லறையில் கண்டெடுத்த தங்க நகைகள் அங்கேதான் உள்ளன. திங்கள் விடுமுறை. பின்புறத்துத் தாவரத் தோட்டத்தை வழிகாட்டியோடு பார்ப்பது வழக்கம். நேரத்தை முதல் நாளே வாசலில் கேட்டுவையுங்கள்.

மொந்தே அல்பான் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 400 மீட்டர் மேலே இருக்கிறது, நகரத்திலிருந்து அரை மணிப் பயணம். நிழல் மிகக் குறைவு. திறக்கும் நேரத்துக்கே போய், தொப்பியும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். ஞாயிறு என்றால் த்லகோலூலா சந்தை. அங்கே உணவுப் பகுதி முழுக்க பார்பகோவா எனும் ஆட்டிறைச்சிதான், ஆகவே சாப்பிட்டுவிட்டே போங்கள். அதே சாலையில் பெரிய பழைய மரமான துலே மரமும் நெசவாளர் ஊரான தெயோதித்லானும் வரும், கொச்சினீல் சாயம் ஏற்றுவதை அங்கே நேரில் பார்க்கலாம். உறைந்த அருவிபோன்ற பாறைகள் உள்ள இயெர்வே எல் ஆகுவாவுக்கு ஒரு முழு நாள் போய்விடும். நிதானப் பயணத்தில் அதை விட்டுவிடுவதே சரி என்பது எங்கள் கருத்து.

ஒரு நாளைக் காலியாக விடுங்கள். தொலேதோ தொடங்கிய இயாகோ வரைகலை நிறுவனத்தின் நூலகத்தில் உட்காரலாம், ஹலட்லாகோவின் கல் பாவிய சந்துகளில் நடக்கலாம். வீட்டோடு பேச இதுவே நல்ல நேரம்: வஹாகாவில் காலை ஒன்பது என்றால் சென்னையில் இரவு எட்டரை.

படி 7: ஊர் திரும்பும்போது

சாலை மறியல்கள் இங்கே அடிக்கடி நடக்கும். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு விடுதியில் “பிளோக்கேயோ உண்டா” என்று கேட்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே புறப்படுங்கள். மீனா தெருவின் சாக்லேட் ஆலைகளில் கக்காவோ, பாதாம், பட்டை, சர்க்கரையை உங்கள் கண்முன் அரைத்துத் தருவார்கள். இனிப்பு குறைவாக வேண்டுமென்றால் அரைக்குமுன் சொல்லுங்கள். மோலே விழுது வாங்கினால் லேபிளில் மாந்தேகா இருக்கிறதா பார்த்து, கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் விழுதையும் திரவக் கணக்கில் சேர்த்து எடுத்துவிடுவார்கள்.