வெயில் காலத்தில் வீட்டுத் தோட்டம்: முதலில் வேரைக் காப்பாற்றுங்கள்

கோடையில் நம் கண் இலையின் மேல்தான் இருக்கும். காப்பாற்ற வேண்டியதோ வேரை.

படி 1: மண்ணைத் தொட்டுப் பாருங்கள்

உச்சிவெயிலில் பூசணி, கத்தரி போன்ற அகன்ற இலைச் செடிகள் துவண்டு தொங்குவது இயல்பு. வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலைகள் நீரை இழக்கின்றன. வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். உடனே குடத்தைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். ஈரமண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் காற்றில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை மறுபடியும் வாடும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுவதால்தான் பல செடிகள் மடிகின்றன. விடியற்காலையிலும் செடி வாடியிருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் அது தாகம்தான்.

படி 2: காலையில், ஆழமாக

வெயில் ஏறுவதற்குள், தொட்டியின் அடித்துளையில் நீர் வடியும்வரை நிதானமாக ஊற்றுங்கள். மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும்; அந்த மண்தான் முதலில் சுடும்.

முற்றிலும் காய்ந்த மண் சுருங்கித் தொட்டியின் விளிம்பை விட்டு விலகிவிடும். ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும், வேருக்குப் போகாது. அத்தகைய தொட்டியை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி, குமிழிகள் அடங்கியதும் எடுத்து நன்றாக வடியவிடுங்கள்.

படி 3: மூடாக்கு

காய்ந்த சருகு, வைக்கோல், தென்னை நார் எதுவானாலும் மண்ணை மூடும்படி இரண்டு அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், அழுகும். கோடைக்கு இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

படி 4: நிழல்

பிற்பகல் வெயிலை மறைத்தாலே பாதிக் கவலை தீரும். காய்கறிகளுக்கு பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை போதும். தொட்டிகளை நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றின் பக்கச்சுவரைக் காக்கும்.

படி 5: வேண்டாதவை

கடும் வெயிலில் உரம், கவாத்து (கிளைகளை வெட்டிவிடுதல்), தொட்டி மாற்றுதல் மூன்றையும் தள்ளிப்போடுங்கள். 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் நீடித்தால் தக்காளிப் பூக்கள் உதிரும். உரத்தால் அதைத் தடுக்க முடியாது. இலையில் வெளிர்புள்ளிகள் தெரிந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரியான சிலந்திப்பேன் அங்கே இருக்கலாம்; வறண்ட வெப்பத்தில் அது வேகமாகப் பெருகும். காலையில் இலையின் அடியில் படுமாறு நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுங்கள். சில நாட்கள் விட்டு மறுபடியும் செய்யுங்கள்.